கம்பி வெட்டும் இயந்திரம்: பிளேடு பராமரிப்பும் மாற்றமும்

கம்பி வெட்டும் இயந்திரத்தின் வெட்டு வேலை முழுவதும் உள்ளங்கை அளவுள்ள இரண்டு எஃகுக் கட்டைகளின் விளிம்பில் நடக்கிறது. ஒன்று, இயந்திரத்தின் உடலோடு அசையாமல் போல்ட் போட்டு முடுக்கப்பட்ட நிலைப் பிளேடு. மற்றது, முன்னும் பின்னும் போய்வரும் ஸ்லைடின் முகத்தில் பூட்டப்பட்ட ஓடும் பிளேடு. மோட்டார், வி-பெல்ட், ஃப்ளைவீல், பல்சக்கரங்கள், கிராங்க் என மற்ற உறுப்புகள் யாவும் ஓடும் பிளேடை நிலைப் பிளேடின் மேல் மோதவிடாமல், அதை ஒட்டினாற்போல் கடந்துபோக வைப்பதற்காகவே இருக்கின்றன. அப்படிக் கடக்கும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் இந்த அத்தியாயத்தின் மையம். பிளேடு தேய்ந்து போவது இயல்பு; அது உடைவதும், போல்ட் முறிவதும், ஸ்லைடு நெளிவதும் பெரும்பாலும் இடைவெளியையும் முடுக்கத்தையும் கவனிக்காமல் விட்டதன் விளைவு.

பிளேடு தாங்கும் விசை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால் போல்ட்டை ஏன் இத்தனை முறை சோதிக்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கும். 25 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 491 சதுர மி.மீ. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786-இன்படி எஃப்இ 500 தரக் கம்பியின் இழுவிசை வலிமை ஒரு சதுர மி.மீ.க்கு 545 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. வெட்டு வலிமை அதில் ஏறக்குறைய 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கம்பியைத் துண்டாக்க சுமார் 19 டன் விசை வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம் முழுவதும் ஒவ்வொரு வெட்டிலும் பிளேடின் விளிம்பிலும், அதன் பின்னால் உள்ள இருக்கையிலும் இறங்குகிறது. எஃப்இ 550 தரத்துக்கு வலிமை 585, எஃப்இ 550டி தரத்துக்கு 600, எஃப்இ 600 தரத்துக்கு 660 என்று ஏறிக்கொண்டே போகிறது. இவை குறைந்தபட்ச அளவுகள். ஆலையிலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் இவற்றைத் தாண்டியே இருக்கும்.

ஆகவே இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் உள்ள அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 மி.மீ. என்று எழுதியிருந்தால் அது பல சமயம் மைல்டு ஸ்டீல் உருளைக் கம்பிக்கான அளவு. முறுக்குக் கம்பிக்கு, அதாவது டிஎம்டி கம்பிக்கு, அதே இயந்திரத்தின் வரம்பு அதைவிடக் குறைவு. கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனி அளவு கொடுத்திருப்பார்கள். டிஎம்டி கம்பியின் மேல்தோல் தண்ணீரால் திடீரெனக் குளிர்விக்கப்பட்டுக் கடினமானது. உள்ளே இருப்பது மென்மையான எஃகு. பிளேடு முதலில் சந்திப்பது அந்தக் கடினத் தோலையும் அதன் மேலுள்ள வரிகளையும்தான். ஒரே மாதிரி பிளேடு ஒரு தளத்தில் நெடுநாள் உழைப்பதும் இன்னொரு தளத்தில் சீக்கிரமே மழுங்குவதும் இதனால் நேர்வதுண்டு. பிளேடின் தரத்தைக் குறை சொல்லும் முன் வெட்டப்படும் கம்பியின் தரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரே சமயத்தில் பல கம்பிகளைச் சேர்த்து வெட்டும் இடத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது தவறு. மொத்தப் பரப்பைக் கணக்கிட வேண்டும். 12 மி.மீ. கம்பி ஒன்றுக்குப் பரப்பு 113. நான்கு சேர்ந்தால் 452. அது 25 மி.மீ. கம்பி ஒன்றைவிடச் சற்றே குறைவு. ஐந்தாவது கம்பி சேர்ந்ததும் கணக்கு 25 மி.மீ.யைத் தாண்டிவிடுகிறது. அதோடு, சேர்த்து வைத்த கம்பிகள் எல்லாம் பிளேடின் உயரத்துக்குள் அடங்கவும் வேண்டும். விளிம்பின் மேல் நுனியில் தொற்றிக்கொண்டு வெட்டப்படும் கம்பி பிளேடின் மூலையைப் பெயர்த்துவிடும்.

விளிம்புகளும் அவற்றின் ஆயுளும்

பிளேடுகள் கருவி எஃகால் செய்து, வெப்பப் பதம் கொடுத்துக் கடினமாக்கப்பட்டவை. அந்தக் கடினத்தால்தான் அவை கம்பியை வெட்டுகின்றன. அதே கடினத்தால்தான் சுத்தியல் அடிக்குச் சில்லாகத் தெறிக்கவும் செய்கின்றன. பெரும்பாலான பிளேடுகள் சதுரக் கட்டைகளாக இருக்கும். நடுவில் ஒரு போல்ட் துளை, அல்லது இரண்டு. முகத்துக்கு நான்கு விளிம்புகள். துளையின் இருபுறமும் ஒரே அமைப்பாக இருந்தால் கட்டையைப் புரட்டிப் போட்டு மேலும் நான்கு விளிம்புகளைப் பயன்படுத்தலாம். போல்ட் தலை உள்ளடங்குவதற்கான குழி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் புரட்ட முடியாது. புதுப் பிளேடு வாங்கியவுடன் விளிம்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று பெயின்டால் எண் போட்டு வைப்பது நல்ல வழக்கம். அப்படிச் செய்யாத இடங்களில் ஏற்கெனவே மழுங்கிய விளிம்பே மறுபடியும் முன்னால் வந்து உட்காரும். பிளேடு மாற்றியும் வெட்டு சரியாகவில்லையே என்று இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

பிளேடுகளை ஜோடியாகவே திருப்ப வேண்டும், ஜோடியாகவே மாற்ற வேண்டும். கூரான ஒன்றும் மழுங்கிய ஒன்றும் எதிரெதிரே இருந்தால் கம்பி மழுங்கிய பக்கம் நசுங்கி, சாய்ந்து, இரண்டு பிளேடையும் பக்கவாட்டில் தள்ளும். தடிமன் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால் இடைவெளியே மாறிப்போகும்.

பிளேடின் நிலையை அறிய வெட்டுப்பட்ட முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். நல்ல வெட்டில் கம்பியின் முகம் இரண்டு பகுதியாகத் தெரியும்: பிளேடு உள்ளே இறங்கிய இடம் வழவழப்பாக மின்னும், மீதிப் பகுதி முறிந்த எஃகுக்கே உரிய சாம்பல் நிறச் சொரசொரப்போடு இருக்கும். முனை ஓரளவு நசுங்கியிருப்பது இயல்பு. அந்த மினுமினுப்பான பகுதிக்குப் பதிலாக இழுபட்ட வரிகள் தெரிந்தாலோ, ஓரத்தில் வால் போல ஒரு கீற்று நீண்டு நின்றாலோ, முனை வாத்து மூக்காக வளைந்திருந்தாலோ விளிம்பு மழுங்கியிருக்கிறது, அல்லது இடைவெளி கூடியிருக்கிறது. இரண்டில் எது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 8 மி.மீ. கம்பி மட்டும் மடங்கி, 20 மி.மீ. கம்பி ஓரளவு நன்றாக வெட்டுப்பட்டால் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். திருகு தளர்ந்த கத்தரிக்கோலில் தடித்த அட்டை வெட்டுப்பட, மெல்லிய துணி மட்டும் நடுவில் மடங்கிச் சிக்கிக்கொள்வது போன்றதுதான் இது. எல்லாக் கம்பியுமே நசுங்கி, மோட்டார் திணறி, பெல்ட் கிறீச்சிட்டால் விளிம்பு போய்விட்டது என்று பொருள்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். வெட்டு நேரத்தில் வரும் ஒற்றைத் 'தட்' ஓசையோடு இன்னொரு உலோக ஓசை சேர்ந்து வந்தால் போல்ட் தளர்ந்து பிளேடு தன் இருக்கையில் ஆடுகிறது. கம்பி இல்லாமல் வெறுமனே ஓடும்போதே தட்டும் ஓசை வந்தால் பிளேடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டிலும் உடனே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தச் சுமையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டுவதுதான் பிளேடைத் துண்டு துண்டாகச் சிதற வைக்கிறது.

வெடிப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. கழற்றிய பிளேடைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட வேண்டும். பிறகு துணியால் ஈரம் இல்லாமல் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளை மெல்லிதாகப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெண்மையான தூளில் மயிரிழை போன்ற கறுத்த கோடாகத் தெரியும். போல்ட் துளையின் ஓரத்திலும் மூலைகளிலும்தான் இந்தக் கோடு பெரும்பாலும் தொடங்கும். கோடு தெரிந்த பிளேடைத் திரும்ப மாட்டக் கூடாது. வெல்டிங் வைத்து அடைப்பதும் கூடாது. வெல்டிங் சூடு சுற்றியுள்ள பதத்தைக் கெடுத்து, அதற்குப் பக்கத்திலேயே புது வெடிப்பை உண்டாக்கும்.

அன்றாடக் கவனிப்பு

காலையில் இயந்திரத்தை ஓட்டும் முன் பிளேடு போல்ட்களை ஸ்பேனர் வைத்துச் சோதிப்பது அன்றாடப் பராமரிப்பின் முதல் வேலை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். கம்பியிலிருந்து உதிரும் செதிலும் துருவும் பிளேடைச் சுற்றிப் படிந்து, ஈரம் பட்டதும் கட்டியாக இறுகிவிடும். கம்பித் தூரிகையால் நாள்தோறும் துடைத்துவிட வேண்டும். காற்றுக் குழாய் வைத்து ஊதினால் செதில் கண்ணுக்குத்தான் பாயும். ஓடும் இயந்திரத்தில் பிளேடருகே கிடக்கும் துண்டைக் கையால் எடுக்கவே கூடாது. நிமிடத்துக்கு 30-க்கு மேற்பட்ட முறை வந்துபோகும் ஸ்லைடு ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு முறை வாயை மூடுகிறது. கை அந்த நேரத்துக்குள் உள்ளே போய் வெளியே வந்துவிடும் என்ற கணக்கில்தான் விரல்கள் போகின்றன.

ஸ்லைடு ஓடும் வழித்தடத்துக்கு கிரீஸ் அல்லது எண்ணெய், கையேடு சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். வழித்தடம் தேய்ந்து ஸ்லைடு பக்கவாட்டில் ஆடினால் எவ்வளவு நல்ல பிளேடு போட்டாலும் இடைவெளி நிலைக்காது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரவில் இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுவதோடு, பிளேடுகளின் மேல் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிட்டுப் போவது நல்லது. உப்புக் காற்றில் போல்ட் மறைகள் துருப்பிடித்து இறுகினால் பிளேடு மாற்றும் நாளில் அரை நாள் அதிலேயே போய்விடும்.

கம்பியைக் கொடுக்கும் விதமும் பிளேடின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கம்பி பிளேடுக்குச் செங்குத்தாக, விளிம்பின் நடுப்பகுதியிலோ அதற்குக் கீழோ உட்கார வேண்டும். கம்பியைப் பிடிப்பவர் நிலைப் பிளேடு உள்ள பக்கம் நின்று, அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கைகளையும் பிளேடுக்கு இருபுறமும் வைத்துக் குனிந்து பிடிப்பது பெரிய ஆபத்து. கைக்கும் பிளேடுக்கும் குறைந்தது 15 செ.மீ. தூரம் வேண்டும். பிடிக்கும் பக்கத் துண்டு 40 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் கையால் பிடிக்காமல் குழாயோ இடுக்கியோ வைத்துப் பிடிக்க வேண்டும். குட்டையான துண்டு வெட்டும் கணத்தில் எகிறும். அதுதான் பிளேடின் மூலையிலும் முகத்திலும் அடிக்கிறது.

பிளேடு மாற்றும் முன்

பிளேடு மாற்றுவதில் நடக்கும் கொடிய விபத்து, கழற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்லைடு நகர்ந்துவிடுவது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, யாரோ சுவிட்சைப் போடுவது. கட்டுமானத் தளத்தில் சுவிட்ச் பலகை பத்தடி தள்ளி இருக்கும்; வரிசையில் நிற்கும் சக தொழிலாளி, இயந்திரம் சும்மா நிற்கிறது என்று நினைத்துப் போட்டுவிடுவார். இரண்டாவது, ஃப்ளைவீலில் தேங்கி நிற்கும் சுழற்சி. சுவிட்சை அணைத்த பிறகும் கனமான ஃப்ளைவீல் சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதி கிளட்ச் உள்ள இயந்திரத்தில் மோட்டார் அணைந்த பிறகும் கால் பட்டால் ஸ்லைடு ஒரு முறை பாயும். மின்சாரம் இல்லை என்பதும் இயந்திரம் அசையாது என்பதும் வேறு வேறு.

ஆகவே வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்து, ஃப்ளைவீல் தானாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தக் கூடாது. அடுத்து மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் பூட்டுப் போட வேண்டும். சாவி பிளேடு மாற்றுபவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், மேஸ்திரியிடமோ கிடங்கிலோ அல்ல. பூட்டுப் போட வசதியில்லாத பலகையாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, அது வேலை செய்பவரின் கண்ணெதிரே கிடக்குமாறு வைக்க வேண்டும்; அல்லது ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றித் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். 'பிளேடு மாற்றப்படுகிறது, போடாதே' என்று தமிழிலும், தளத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதிய அட்டை தொங்க வேண்டும். அதன் பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்தி, மோட்டார் அசையவில்லை என்று உறுதிசெய்து, மறுபடி ஸ்டாப் பட்டனை அழுத்திவிட வேண்டும். சரியான சுவிட்சைத்தான் அணைத்தோமா என்பதற்கு இந்த ஒரு சோதனையே சான்று; பல இணைப்புகள் பின்னிக் கிடக்கும் தளத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு ஃப்ளைவீலைக் கையால் சுற்றி ஸ்லைடை முழுக்கப் பின்னால் கொண்டுவந்து, பிளேடுகளின் வாய் அகலமாகத் திறந்த நிலையில் நிறுத்த வேண்டும். சுற்றும்போது ஃப்ளைவீலின் வெளி விளிம்பைப் பிடிக்க வேண்டும். பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் விரல் சிக்கும். நின்ற இடத்தில் ஃப்ளைவீல் நகராதபடி ஆப்பு வைக்க வேண்டும். கிளட்ச் மிதியின் மேல் கால் படாதபடி மூடி போடுவதோ மிதியைக் கட்டிவைப்பதோ அவசியம்.

உடையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கழுத்தில் துண்டும் இடுப்பில் லுங்கியும் பெல்ட் ஓடும் இயந்திரத்தருகே இருக்கக் கூடாதவை. கழற்றி மாட்டும்போது கையுறை நல்லது, ஏனெனில் தேய்ந்த பிளேடின் ஓரத்தில் உள்ள பிசிறு சவரக் கத்தியைப் போல் அறுக்கும். கண்ணாடி எப்போதும் வேண்டும்.

கழற்றுதலும் இருக்கையைச் சோதித்தலும்

நிலைப் பிளேடை முதலில் கழற்றினால் கை வைக்க இடம் கிடைக்கும். போல்ட் தலைக் குழியில் செதில் அடைத்திருந்தால் கூரான கம்பியால் தோண்டி எடுத்துவிட்டு, அல்லன் சாவியை அடி வரை இறக்க வேண்டும். அரைகுறையாக நிற்கும் சாவியால் திருகினால் குழி உருண்டுபோய், பிறகு போல்ட்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இறுகிய போல்ட்டுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். கேஸ் டார்ச்சால் சூடேற்றினால் பிளேடின் பதமும் போல்ட்டின் பதமும் ஒருசேரக் கெடும். பிளேடு இருக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பித்தளைத் தண்டு அல்லது மரக்கட்டை வைத்துத் தட்ட வேண்டும். கடின எஃகின் மேல் இரும்புச் சுத்தியல் படவே கூடாது.

பிளேடு வெளியே வந்ததும் அவசரப்பட்டுப் புதியதை மாட்டுவது வழக்கம். வேலையின் பாதிப் பலன் இந்த இடத்தில்தான் போய்விடுகிறது. இருக்கையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு நேர்விளிம்புப் பட்டையை அதன் மேல் வைத்தால், அடியில் வெளிச்சம் தெரியும் இடம் பள்ளம். பழைய பிளேடு ஆடி ஆடி உண்டாக்கிய பள்ளமாக அது இருக்கும். மேடு இருந்தால் தட்டையான அரத்தால் இலேசாகத் தேய்த்து எடுக்கலாம். ஒரு சிறு செதில் கூட அடியில் தங்கக் கூடாது. கெட்டியான கட்டை என்பதால் பிளேடு எதையும் தாங்கும் என்று தோன்றும். ஆனால் பின்னால் முழுத் தாங்கல் இருக்கும் வரைதான் அது தாங்கும். அடியில் மணி அளவு மேடோ பள்ளமோ இருந்தால் 19 டன் அதை வளைக்கப் பார்க்கும். வளையத் தெரியாத அந்த எஃகு முறியும். ஆழமான பள்ளம் இருந்தால் இருக்கையை லேத் பட்டறையில் மில்லிங் செய்து சரியாக்க வேண்டும்.

போல்ட்டும் பிளேடைப் போலவே தேயும் பொருள். கழுத்தில் மெலிந்தது, மறை இழுபட்டது, தலை நசுங்கியது எதையும் திரும்பப் போடக் கூடாது. தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருப்பது அதன் வலிமை. 12.9 எழுதிய அல்லன் போல்ட் இருந்த இடத்தில் இரும்புக் கடையில் கிடைக்கும் சாதா போல்ட்டைப் போட்டால் அது சில வெட்டுகளிலேயே நீண்டு தளரும். நீளமும் முக்கியம்: குறைந்தால் போதுமான மறை பிடிக்காது; கூடினால் துளையின் அடியில் முட்டி, முடுக்கியது போல ஏமாற்றி, பிளேடை ஆட விடும்.

மாட்டுதலும் இடைவெளியும்

புதிய பிளேடின் மேல் உள்ள காப்பு எண்ணெயைத் துடைத்து, இருக்கையில் வைத்து, கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. போல்ட்டை முதலில் விரலால் ஏற்றி, பிறகு சாவியால் பாதி முடுக்கி, பிளேடை அதன் தோளோடு ஒட்டத் தள்ளி, அதன் பிறகே முழுதாக முடுக்க வேண்டும். இரண்டு போல்ட் இருந்தால் மாறி மாறிச் சிறிது சிறிதாக. கையேட்டில் முடுக்க அளவு கொடுத்திருந்தால் டார்க் ரெஞ்ச் வைப்பதே முறை. சாவியில் நீளக் குழாய் மாட்டி இருவர் தொங்குவது போல்ட்டை அப்போதே பாதி முறித்துவிடுகிறது.

அடுத்தது இடைவெளி. ஆப்பை எடுத்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி, ஓடும் பிளேடு நிலைப் பிளேடைக் கடக்கும் இடத்தில் நிறுத்தி, நடுவில் ஃபீலர் கேஜ் இதழை நுழைத்துப் பார்க்க வேண்டும். நிலையாக நிற்கும் கிராங்க் வகை இயந்திரங்களில் பொதுவாக 0.5 முதல் 1 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். குறிப்பிட்ட மாதிரிக்குக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே செல்லும். மேல் நுனி, நடு, கீழ் நுனி ஆகிய மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். மேலே 0.5, கீழே 1.2 என்று வந்தால் பிளேடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடி கழற்றி இருக்கையைப் பார்ப்பதே வழி.

இடைவெளி கூடுதலாக இருந்தால் பிளேடுக்குப் பின்னால் ஷிம் தகடு கொடுத்துக் குறைக்கலாம். தகடு பிளேடின் முழு முகத்தையும் மூட வேண்டும். போல்ட் துளைக்கு மட்டும் ஓட்டை. மூலையில் செருகிய டப்பாத் தகரத் துண்டும் மடித்து வைத்த அட்டையும் ஷிம் ஆகா. அட்டை நசுங்கிக்கொண்டே போகும், தகரத் துண்டு பிளேடை ஒரு புள்ளியில் மட்டும் தாங்கி முறிக்கும். பல மெல்லிய தகடுகளை அடுக்குவதைவிடத் தேவையான தடிமனில் ஒன்று போடுவது மேல். இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்தால் வெட்டு சுத்தமாக வரும் என்ற நம்பிக்கை சில தளங்களில் இருக்கிறது. ஸ்லைடு சூடாகி விரியும்போதும், பாரத்தில் சற்றே சாயும்போதும் அந்தப் பிளேடுகள் விளிம்போடு விளிம்பு மோதிவிடும்.

அளவு சரியானதும் மறுபடி முடுக்கத்தைச் சோதித்து, ஃப்ளைவீலைக் கையாலேயே ஸ்லைடு இரண்டு முறை முழுதாகப் போய்வரும் அளவுக்குச் சுற்ற வேண்டும். எங்கும் உரசலோ தட்டலோ இருக்கக் கூடாது. கருவிகளை எண்ணி எடுத்து, பாதுகாப்பு மூடிகளை எல்லா போல்ட்டும் போட்டு மாட்டிய பிறகு, பூட்டைப் போட்டவரே அதைத் திறக்க வேண்டும்.

இரண்டு மூன்று நிமிடம் வெறும் ஓட்டம் விட்டுச் சத்தம் கேட்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பு மாற்றப்பட்டிருந்தால் ஃப்ளைவீல் அதன் மேலுள்ள அம்புக்குறி காட்டும் திசையில்தான் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் வெட்டு 8 அல்லது 10 மி.மீ. கம்பியில், பிறகு 16, அதன் பிறகே பெரிய அளவு. சில வெட்டுகளுக்குப் பின் திரும்பவும் மின்சாரத்தைத் துண்டித்து, போல்ட்டை இன்னொரு முறை முடுக்க வேண்டும். புதுப் பிளேடு முதல் பாரத்தில் தன் இருக்கையில் நன்றாக அமர்ந்துவிடுவதால் போல்ட்டில் சற்றுத் தளர்வு வரும். இந்த இரண்டாவது முடுக்கத்தை விட்டுவிடுவதே புதுப் பிளேடு சீக்கிரம் உடைவதற்குப் பெரிய காரணம்.

கையில் பிடிக்கும் ஹைட்ராலிக் கட்டர்

மாடித் தளங்களிலும், ஏற்கெனவே கட்டிய கம்பிக் கூட்டிலும் வெட்டப் பயன்படும் மின்-ஹைட்ராலிக் கட்டரில் கிராங்க் இல்லை; எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் முன்னேறி வெட்டுகிறது. ஃப்ளைவீல் இல்லாததால் பயம் குறைவு என்று எண்ணக் கூடாது. மின்சார வகையில் பிளக்கைப் பிடுங்குவதும், பேட்டரி வகையில் பேட்டரியைக் கழற்றுவதும் கட்டாயம். தவறுதலாக விரல் பட்டால் பாயும் விசை இதிலும் டன் கணக்கில்தான். பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கிய நிலையில்தான் பிளேடைத் தொடலாம். நடுவில் நின்றுவிட்டால் கையேட்டில் சொல்லியபடி ரிலீஸ் வால்வைத் திறந்து பின்வாங்க வைக்க வேண்டும். வாய்க்குள் விரல் விட்டுத் தள்ளக் கூடாது.

இவற்றின் பிளேடுகள் சிறியவை, போல்ட்டும் சிறியது. ஆகவே தளர்வு விரைவில் வரும். வேலைக்கு நடுவிலும் சோதிக்க வேண்டும். கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து வைக்கும் ஸ்டாப்பர் திருகு ஒன்று வாயருகே இருக்கும். கம்பியின் தடிமன் மாறும்போதெல்லாம் அதைத் திருகிக் கம்பியோடு ஒட்ட வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வெட்டும் கணத்தில் கம்பி சாய்ந்து, பிளேடுகளை அகட்டி, கட்டரின் தலையையே வெடிக்க வைக்கும். பிஸ்டன் கம்பியின் கடைசி நூலை வெட்டாமல் நின்றுபோனால் பிளேடு மழுங்கியது என்று உடனே மாற்றிவிடாமல், எண்ணெய் குறைந்திருக்கிறதா, உள்ளே காற்று புகுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றியதும் சரியாகிவிட்டால் பிளேடு நன்றாகவே இருந்திருக்கிறது.

சாணை பிடிப்பதும் பழைய பிளேடும்

எல்லா விளிம்பும் மழுங்கிய பிளேடைச் சாணை பிடித்துத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பது தயாரிப்பாளர் அனுமதிப்பதைப் பொறுத்தது. அனுமதி இருந்தாலும் அதைச் செய்ய வேண்டியது குளிர்விப்பு நீரோடு ஓடும் சர்ஃபேஸ் கிரைண்டர் உள்ள பட்டறை. தளத்திலுள்ள கை கிரைண்டரில் பிடித்தால் முகம் சமமாக வராது. அதைவிடக் கேடு, சூடு. விளிம்பில் வைக்கோல் நிறம் தோன்றும்போதே வெப்பம் 220 டிகிரியைத் தாண்டியிருக்கும். நீலம் தோன்றினால் ஏறக்குறைய 300. அதற்குப் பிறகு அந்த விளிம்பின் பதத்தை நம்ப முடியாது. சூடான பிளேடைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். சாணை பிடித்த பிளேடு மெலிந்திருக்கும் என்பதால் இடைவெளியைப் புதிதாக அளந்து ஷிம் போட வேண்டும். ஜோடியில் இரண்டையும் ஒரே அளவுக்குத் தேய்க்க வேண்டும்.

கப்ளர் போட வேண்டிய கம்பிகளுக்கு இந்த இயந்திரத்தின் வெட்டு எவ்வளவு கூரான பிளேடானாலும் போதாது. மறை வெட்டும் முனை சதுரமாக இருக்க வேண்டும் என்பதால் அவற்றை ரம்பத்தால் வெட்டுவதே வழக்கம். அதற்காக இடைவெளியை இறுக்கிப் பார்ப்பது பிளேடைக் கெடுக்கும்.

கழித்த பிளேடை ஆப்பாகவும், அடிகல்லாகவும், நெம்புகோல் முட்டாகவும் பயன்படுத்துவது தளங்களில் சாதாரணம். ஒவ்வொரு அடியிலும் சில்லுத் தெறிக்கக்கூடிய பொருள் அது. சிவப்பு பெயின்ட் அடித்துப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டு, பூட்டி வைக்க வேண்டும். புதிய பிளேடுகளை எண்ணெய்த் தாளில் சுற்றி, ஜோடி ஜோடியாகக் கட்டி, அவற்றுக்குரிய போல்ட்களோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டும். இயந்திரத்தோடு இருக்கும் நோட்டில் மாற்றிய தேதி, எந்த எண் விளிம்பு, மூன்று இடத்தில் அளந்த இடைவெளி, போட்ட ஷிம்மின் தடிமன், மாற்றியவரின் கையெழுத்து ஆகியவற்றை எழுத வேண்டும். அடுத்த முறை இடைவெளி அளக்கும்போது முந்தைய அளவு கையில் இருந்தால், தேய்வது பிளேடா, ஸ்லைடின் வழித்தடமா என்று உடனே தெரிந்துவிடும்.